இது ஒரே பேண்டுதானா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வெதர் ரிப்போர்ட்டுங்கிற ஜாஸ் ஃப்யூஷன் பேண்டு (ஃப்யூஷன்னா ஜாஸோட மத்த இசையும் கலக்குறது) 1977ல போட்ட 'ஹெவி வெதர்' ஆல்பத்தப் பத்தி நாலே நாலு வரி எழுதியிருந்தேன், சும்மா கேட்டுப் பாருங்கன்னு. சினிமா பாட்டப் பத்தி பக்கம் பக்கமா எழுதினப்பக்கூட இவ்ளோ கடிதம் வரல. பாராட்டு கொஞ்சம், திட்டு கொஞ்சம், மீதியெல்லாம் கேள்வி. அதனால இந்த இதழ் முழுக்க அந்த ஒரு ஆல்பம்தான், மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த தடவை கண்டிப்பா.

நீங்க சொன்னீங்கன்னு கேட்டேன் சார். முதல் பாட்டு கல்யாண ஊர்வலம் மாதிரி குஷியா போகுது. ரெண்டாவது அழ வைக்குது. மூணாவதுல யாரோ யாரையோ துரத்துறாங்க. அஞ்சாவதுல வெறும் கொட்டும் கத்தலும். இது ஒரே பேண்டு வாசிச்சதா, இல்ல பல பேரோட பாட்ட சேத்துப் போட்ட கலெக்‌ஷனா?
– கல்லூரி மாணவர், மதுரை

ஒரே பேண்டுதான் தம்பி, அஞ்சே அஞ்சு பேரு. ஆனா அந்த அஞ்சு பேரும் எங்கெங்கேர்ந்து வந்தாங்கன்னு பாத்தா உங்க கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும். கீபோர்டு ஜோ ஸாவினுல், ஆஸ்திரியாவுல வியன்னாக்காரர், சின்னப்பையனா அக்கார்டியன்ல ஆரம்பிச்சவர், 1959ல ஸ்காலர்ஷிப் வாங்கிக்கிட்டு அமெரிக்கா வந்தவர், அங்க கேனன்பால் ஆடர்லிங்கிற சாக்ஸ்காரரோட ஜாஸ் குரூப்புல ஒன்பது வருஷம் கிட்ட வாசிச்சிருக்கார். சாக்ஸஃபோன் வெய்ன் ஷார்ட்டர், நியூ ஜெர்சில நியூவர்க், ஆர்ட் பிளேக்கி கிட்டயும் மைல்ஸ் டேவிஸ் கிட்டயும் இருந்துட்டு வந்த ஆளு, அதாவது ஜாஸ்ல அதுக்கு மேல படிக்கிறதுக்கு காலேஜே கிடையாது. பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி கிட்டார், ஜாக்கோ பாஸ்டோரியஸ், வளந்ததெல்லாம் ஃப்ளோரிடா, ஆல்பம் வந்தப்ப வயசு இருபத்தஞ்சு. டிரம்ஸ் அலெக்ஸ் அகூன்யா, பெரு நாட்டுக்காரர். பெர்கஷன், அதாவது மத்த கொட்டு வாத்தியமெல்லாம், மனோலோ பட்ரேனா, புவேர்ட்டோ ரிக்கோ.

இப்ப யாரு எத்தனை பாட்டு போட்டாங்கன்னு பாருங்க. மொத்தம் எட்டு. ஸாவினுல் மூணு, ஷார்ட்டர் ரெண்டு, ஜாக்கோ ரெண்டு, மிச்சம் ஒண்ணு டிரம்ஸ்காரரும் பெர்கஷன்காரரும் சேந்து. 'வெரைட்டி வேணும்'னு யாரும் உக்காந்து பிளான் போட்டதா எனக்குத் தோணல, ஒவ்வொருத்தரும் தன் மனசுல கிடந்தத எடுத்துட்டு வந்து நடுவுல வச்சிருக்காங்க, அது தானா தனித்தனி நிறமா ஆயிடுச்சு.

பேருகளையே பாருங்களேன். முதல் பாட்டு 'பேர்ட்லேண்ட்'. நியூயார்க் பிராட்வேல 1949 கடைசில திறந்த ஜாஸ் கிளப்போட பேரு அது, சாக்ஸ் மேதை சார்லி பார்க்கருக்கு 'பேர்ட்'னு பட்டப்பேரு, அவர வச்சுத்தான் கிளப்புக்கே பேரு. வியன்னாலேர்ந்து வந்து எறங்கின ஸாவினுல் சுத்திக்கிட்டு இருந்த எடம் அதுதான், தன் மனைவியப் பாத்ததும் அங்கதான். ஷார்ட்டரோட 'பல்லேடியம்' அதே பிராட்வேல மாம்போங்கிற கியூபா ஆட்டம் களைகட்டின டான்ஸ் ஹாலு. ஜாக்கோவோட 'ஹவோனா' மட்டும் பூமிலயே இல்ல, ஒரு ஆன்மிகப் புத்தகத்துல பிரபஞ்சத்தோட நடுமையத்துக்கு வச்ச பேரு. ஒருத்தர் வாலிபத்துல சுத்தின கிளப்பு, இன்னொருத்தரோட டான்ஸ் ஹாலு, மூணாவது ஆளு நேரா மேல போயிட்டாரு. இதெல்லாம் ஒரே மாதிரி கேக்கணும்னா எப்படி?

அப்ப இத ஒரே ஆல்பமா கட்டி வச்சது எது? என் கணக்குல ரெண்டு விஷயம். ஒண்ணு, அளவு. எட்டு பாட்டும் சேந்தே 38 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுது. அந்தக் காலத்து ஃப்யூஷன் ஆல்பம் நெறையா கேட்டவங்களுக்குத் தெரியும், கிட்டார்காரர் சோலோ ஆரம்பிச்சார்னா நாம எந்திரிச்சுப் போயி குளிச்சிட்டு வந்தாலும் அங்கயேதான் நிப்பார். இங்க அந்தக் கதையே இல்ல. நாங்க எப்பவும் சோலோ வாசிக்கிறோம், எப்பவுமே சோலோ வாசிக்கிறதில்லன்னு ஸாவினுல் சொன்னது ரொம்பப் பிரபலம், கேக்க விடுகதை மாதிரி இருக்கும், ஆனா பேர்ட்லேண்ட் கேட்டா சட்டுனு புரிஞ்சிடும். அதுல யாரும் தனியா நின்னு வித்தை காட்டல. அடில சிந்தசைசர் தொண்டைய செருமிக்கிட்டு நடக்குது, அது மேல பேஸ் மெல்லிசா ஒரு ராகம் போடுது, அப்பறம் சாக்ஸும் பியானோவும் வேற ஒண்ணு சொல்லுது, ஒவ்வொரு தடவையும் இதுதான் மெயின் ட்யூன் போலன்னு நெனச்சுக்கிட்டே இருக்கோம், அது இல்ல, அதுவும் இல்ல, கடைசில நமக்குப் பொறுமை போற நேரத்துல அந்த ஊரே சேந்து பாடுற மாதிரி ட்யூன் வந்து எறங்குது பாருங்க, அதுக்கப்பறம் ஒரு வாரம் மண்டைய விட்டுப் போகாது. அந்த எடத்துல கேக்குற பித்தளை வாத்திய முழக்கம் இருக்கே, கவுண்ட் பேஸிங்கிற ஜாஸ் லீடரோட பெரிய பேண்டு வாசிக்கிற மாதிரி, அங்க டிரம்பெட்டும் கிடையாது டிராம்போனும் கிடையாது. ஷார்ட்டரோட சாக்ஸு, அதுக்குப் பின்னாடி ஸாவினுலோட ஓபர்ஹைம் சிந்தசைசர், அவ்ளோதான்.

ரெண்டாவது விஷயம், வரிசை. குஷிக்கு அடுத்து 'எ ரிமார்க் யூ மேட்', ஆல்பத்துலயே நீளமானது, ஏழு நிமிஷத்துக்குப் பக்கம், மெதுவா, சாக்ஸ் ஒரு வரி சொல்ல பேஸ் அதுக்குப் பதில் சொல்ல. அது நம்மள தரையோட தரையா உக்கார வச்சதும் 'டீன் டவுன்' 2 நிமிஷம் 51 செகண்ட்ல வந்து தூக்கிட்டு ஓடிடும். தனித்தனியா ஷஃபிள்ல கேட்டா உங்களுக்கு வந்த சந்தேகம் எல்லாருக்கும் வரும். ஒரு தடவை வரிசையா, மொபைல தள்ளி வச்சிட்டுக் கேட்டுப் பாருங்க.

பேர்ட்லேண்ட்ல ஆரம்பத்துல உச்சஸ்தாயில வாசிக்கிற கிட்டாரிஸ்ட் யாரு? ஆல்பம் கிரெடிட்ல கிட்டாரிஸ்டுன்னு தனியா யாரையும் காணோமே.
– பேஸ் கத்துக்குறேன், கோயம்புத்தூர்

பேஸ் கத்துக்கிட்டே இத கேட்டீங்க பாருங்க! அது கிட்டார் இல்லங்க, உங்க வாத்தியம்தான். ஜாக்கோ.

எப்படின்னு சொல்றேன், அடுத்த கிளாஸ்ல சார் கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. எடது கை விரல் வழக்கம்போல ஒரு ஸ்வரத்த அழுத்தியிருக்கும். அழுத்தின எடத்துலேர்ந்து பிரிட்ஜ் (கம்பி அந்தக் கோடில உக்காருற எடம்) வரைக்கும் மிச்சம் இருக்குற கம்பிக்கு நட்டநடுவுல வலது கை கட்டைவிரல் ஓரத்தால லேசா தொடணும், அழுத்தக்கூடாது, வெறும் தொடுதல். அப்படியே அதே கையோட விரலால பின்னாடி மீட்டணும். மீட்டின அந்த நொடியே கட்டைவிரல எடுத்துடணும். ஒரு ஸ்தாயி மேல, மணி அடிச்ச மாதிரி சத்தம் வரும். ஒரு ஸ்வரத்துக்கு இது. எடது கை அடுத்த ஸ்வரத்துக்கு நகந்தா நடுப்புள்ளியும் நகந்துடும், அதுக்குத் தக்க கட்டைவிரலும் கூடவே ஓடணும். ஒரு முழு ட்யூனையே இப்படி வாசிச்சா என்ன ஆகும்? நான் ஒரு நண்பரோட பேஸ்ல முயற்சி பண்ணி நாலாவது ஸ்வரத்துல மரியாதையா கீழ வச்சிட்டேன்.

இன்னொண்ணு, அவரோடது ஃப்ரெட்லெஸ் பேஸ். நம்ம ஊர்ல வீணையும் கோட்டுவாத்தியமும் இருக்குல்ல, அந்த வித்தியாசம்தான். வீணைல மெழுகுல பதிச்ச மெட்டு இருக்கு, கோட்டுவாத்தியத்துல மெட்டே கிடையாது, வழுக்கிக்கிட்டுப் போலாம், ஆனா ஒரு நூல் தள்ளி நின்னாலும் அபஸ்வரம். ஜாக்கோ கிட்ட இருந்தது 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸு, ஃப்ரெட்டெல்லாம் போயி அந்தக் குழிய ரொப்பி அடைச்சது. அவரு போடுற கம்பி சொரசொரப்பான ஜாதி, வெறும் மரத்துல உரசி உரசி பள்ளம் விழுந்துடும். அதுக்கு அவர் என்ன பண்ணார்னா படகுக்கு அடிக்கிற எப்பாக்ஸி இருக்குல்ல, தண்ணி எறங்காம இருக்க பூசுறது, அத எடுத்து விரல் ஓடுற பலகை மேல பூசிட்டார். ஃப்ளோரிடால படகுச் சாமானுக்கா பஞ்சம்! அந்தக் கெட்டியான பூச்சுதான் அவரோட டோனுக்கு ஒரு முக்கியக் காரணம், கம்பி மரத்துல முங்காம நின்னு பாடும். எ ரிமார்க் யூ மேட்ல அவர் ஸ்வரத்த விடாம இழுக்குற எடத்தக் கேளுங்க, பேஸுன்னு சொன்னா எங்கம்மா நம்பல, யாரோ வாய மூடிக்கிட்டு பாடுறாங்கன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாங்க.

ஸாவினுலே ஏமாந்திருக்கார்னு ஒரு கதை உண்டு. மயாமில கச்சேரி முடிஞ்சு வெளிய வந்தவர் கிட்ட ஒரு ஒல்லிப் பையன் வந்து, உலகத்துலயே பெரிய பேஸ் ப்ளேயர் நான்தான்னு தன்ன அறிமுகப்படுத்திக்கிட்டானாம். போடான்னு வெரட்டி விட்டிருக்கார். அப்பறம் பையனோட டேப்ப கேட்டுட்டு, தம்பி நீ எலக்ட்ரிக் பேஸும் வாசிப்பியான்னு கேட்டாராம், ஏன்னா டேப்புல கேட்டத அந்த ஆள் உயர மரப் பேஸுன்னு நெனச்சிருக்கார்.

டீன் டவுனயும் விடாதீங்க. அதுல மெலடியே பேஸ்தான், பொடிப்பொடியா பதினாறாம் பாக ஸ்வரமா கொட்டும், நாலே நாலு கார்டு (ஸ்வரக் கூட்டு), சி, ஏ, எஃப், டின்னு சுத்திச் சுத்தி வரும். அந்தப் பாட்டுல டிரம்ஸும் ஜாக்கோவே அடிச்சது. சின்ன வயசுல அவர் டிரம்மர்தான், ஃபுட்பால் ஆடி மணிக்கட்டு போனதுக்கப்பறம்தான் பேஸு பக்கம் வந்தார். தாளம் போட்ட கையே ராகமும் போட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க அந்த மூணு நிமிஷம் போதும்.

நான் முப்பது வருஷமா மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த அஞ்சாவது உருப்படி தனி ஆவர்த்தனம்தானே? ஏன் நடுவுல வருது?
– தஞ்சாவூர்

வணக்கம் ஐயா. 'ரும்பா மாமா'வத்தானே கேக்குறீங்க. ஆமாங்க, அகூன்யாவும் பட்ரேனாவும் மட்டும், ரெண்டு நிமிஷம் 11 செகண்ட், கூடவே வாய்ப்பாட்டும். இது ஸ்டூடியோல எடுத்தது இல்ல, முந்தின வருஷம் 1976ல சுவிட்சர்லாந்து மோன்ட்ரோ ஜாஸ் விழாவுல மேடைல வாசிச்சத அப்படியே தூக்கி உள்ள வச்சிருக்காங்க. மத்ததெல்லாம் கலிஃபோர்னியால நார்த் ஹாலிவுட் ஸ்டூடியோல பதிஞ்சது, அதான் இது மட்டும் வேற காத்து அடிக்கிற மாதிரி கேக்குது.

நடுவுல வருதுன்னு இன்னைக்கு நமக்குத் தோணும். எல்பி ரெக்கார்டுல அது நடு இல்ல, ரெண்டாம் பக்கத்தோட முதல் உருப்படி. நாலு பாட்டு முடிஞ்சு, எந்திரிச்சுப் போயி தட்ட திருப்பிப் போட்டு, ஊசிய வைக்கிறோம், எடுத்த எடுப்புல கொட்டு. நம்ம கச்சேரில மெயின் உருப்படிக்கு அப்பறம்தான் தனி, இங்க தனி முடிஞ்சுதான் மத்ததே. அது முடிஞ்ச கையோட பல்லேடியம், மாம்போ ஹாலப் பத்தின பாட்டு, வந்துடுறதால அந்தக் கொட்டு பல்லேடியத்துக்கு வாசல்ல கட்டின தோரணம் மாதிரி ஆயிடுது.

கணக்கு பிடிக்கும் உங்களுக்குன்னு ஒரு சின்ன விஷயம். கியூபாவுல பொறந்த இந்த இசைக்கெல்லாம் அடிப்படையா 'கிளாவே'ன்னு ஒரு தட்டு ஓடும், ரெண்டு கட்டைய தட்டுறது. 16 மாத்திரைக்குள்ள அஞ்சே தட்டு. அத 3, 3, 4, 2, 4ன்னு பிரிச்சா ஸோன்ங்கிற பாணி. அதே அஞ்சு தட்டுல மூணாவத மட்டும் ஒரு மாத்திரை தள்ளி 3, 4, 3, 2, 4ன்னு போட்டா ரும்பா. ஒரே ஒரு மாத்திரை ஐயா, ஆளே மாறிடும். கைல போட்டுப் பாருங்க, உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. நம்ம தாளம் மாதிரியே இதையும் யாராவது வெளிய தட்டணும்னு அவசியம் இல்ல, வாசிக்கிறவங்க மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒரு எலையில சாம்பார், ரசம், மோரு, பாயசம் நாலையும் ஒண்ணா ஊத்தி பெசைஞ்சா அதுக்குப் பேரு ஃப்யூஷனா? பெரிய பத்திரிகை பாராட்டுச்சுன்னா நாங்களும் தலையாட்டணுமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சேலம்

தலையாட்ட வேண்டாம் ஐயா. ஆனா உங்க எலைக் கணக்க மட்டும் ஒத்துக்க மாட்டேன். இவங்க பெசையல, பரிமாறி வச்சிருக்காங்க, சாம்பார் சாம்பாராவே இருக்கு. பெசைஞ்சு வச்ச ஃப்யூஷன் உலகத்துல எக்கச்சக்கம், சித்தார் ரெண்டு மீட்டு, டிரம்ஸ் நாலு அடி, மேல ஒரு புல்லாங்குழல், அதுக்கு நீங்க சொன்ன திட்டு அப்படியே பொருந்தும், நானும் கூட வந்து திட்டுறேன்.

பாராட்டுன்னா, ஆமா, டவுன்பீட்டுங்கிற அமெரிக்க ஜாஸ் பத்திரிகை இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுச்சு, அந்த வருஷ வாசகர் வாக்கெடுப்புலயும் இதான் முதல். அமெரிக்காவோட பில்போர்டு விற்பனைப் பட்டியல்ல முப்பதாவது எடம் வரைக்கும் போச்சு, பாடகர்னு தனியா யாரும் இல்லாத ஜாஸ் ஆல்பத்துக்கு அது பெரிய விஷயம், அமெரிக்காவுல கோல்ட் ரெக்கார்டும் ஆச்சு, அதுக்கு அஞ்சு லட்சம் காப்பி போகணும். பேர்ட்லேண்டுக்கு ஜான் ஹெண்ட்ரிக்ஸ் வரி எழுதி, மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குரூப்பு 1979ல பாடி அதுக்கு கிராமி வாங்கினாங்க.

ஆனா அதே டவுன்பீட் அடுத்த வருஷம் இதே பேண்டோட 'மிஸ்டர் கான்' ஆல்பத்துக்கு எத்தனை ஸ்டார் தெரியுமா? ஒண்ணு. அஞ்சுலேர்ந்து ஒண்ணு! ஸாவினுல் கொதிச்சுப் போயிட்டார். நீங்க ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா உங்க கோவத்துக்கு சரியான ஆல்பம் எதுன்னு தெரிஞ்சிடும். மிஸ்டர் கான்லயும் வெரைட்டி இருக்கு, ஆளும் பெரிய ஆளுங்கதான், ஆனா ஸாவினுல் அடுக்கடுக்கா சிந்தசைசர் மெழுகிட்டார், மூச்சு விட எடம் இல்ல. ஹெவி வெதர்ல எடம் இருக்கு. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க ஒதுங்கி நிக்கிறாங்க.

குறையே இல்லையான்னா, இருக்கு. ஏழாவதா வர்ற 'தி ஜக்ளர்' எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒட்டல, என்னமோ சொல்ல வந்து பாதில மறந்துட்ட மாதிரி முடியும். சில எடத்துல சிந்தசைசர் சத்தம் அந்தக் கால தூர்தர்ஷன் நியூஸ் ம்யூசிக்க ஞாபகப்படுத்துறதும் உண்மை. ஐயா ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க, ரெண்டாவது பாட்ட மட்டும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஒரு தடவை கேளுங்க. அதுக்கப்பறமும் பிடிக்கலன்னா இன்னொரு கடிதம் போடுங்க, அதையும் இங்கயே போடுறேன்.

ஜான் மெக்லாக்லின் கூட நம்ம விக்கு விநாயக்ராம் கடம் வாசிச்ச 'ஷக்தி'யும் ஃப்யூஷன்தானே? ரெண்டுல எது ஒசத்தி?
– பெங்களூருலேர்ந்து ஒரு வாசகி

ஒசத்தி தாழ்த்தி சண்டைக்கு நான் வரலங்க, ரெண்டு பக்கமும் அடி விழும். ஆனா உறவு உண்டு, அது சொல்றேன். 1969ல மைல்ஸ் டேவிஸ் 'இன் எ சைலண்ட் வே'ன்னு ஒரு ஆல்பம் பண்ணார், அதுல ஸாவினுல், ஷார்ட்டர், கிட்டார்காரர் மெக்லாக்லின் மூணு பேரும் ஒரே ரூம்ல. அந்தத் தலைப்புப் பாட்டு ஸாவினுலோடதுதான். அங்கேர்ந்து பிரிஞ்சு ஸாவினுலும் ஷார்ட்டரும் வெதர் ரிப்போர்ட் பக்கம் போனாங்க, மெக்லாக்லின் முதல்ல மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, அப்பறம் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு சார் கடம்னு ஷக்தி. ஹெவி வெதர் வந்த அதே 1977ல ஷக்தியோட 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' வந்துச்சு, அதே கொலம்பியா கம்பெனிதான் போட்டது.

வித்தியாசம் என்னன்னா, ஷக்தில கரண்டே வேண்டாம்னு உக்காந்துட்டாங்க, எல்லாம் தரைல சம்மணம் போட்டு. மெக்லாக்லின் கிட்டார்ல ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்தக் குடைஞ்சு எடுத்திருப்பாங்க, வீணை மாதிரி கம்பிய அழுத்தி கமகம் கொண்டு வர. வேடிக்கையப் பாருங்க, அந்தப் பக்கம் ஜாக்கோ ஃப்ரெட்டே இல்லாத பேஸ வச்சுக்கிட்டு இழுக்குறாரு, இந்தப் பக்கம் இவரு ஃப்ரெட்ட வச்சுக்கிட்டே நடுவுல பள்ளம் தோண்டுறாரு, ரெண்டு பேருக்கும் வேணும்னது ஒண்ணுதான், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்குற சந்து. அந்தச் சந்துலதான் நம்ம ஆளுங்க காலங்காலமா குடியிருக்காங்க. ஷக்தி அந்த ஆசைக்காக நேரா நம்ம வீட்டுக்குள்ளயே வந்துச்சு, வெதர் ரிப்போர்ட் வரல. மெக்லாக்லினும் ஜாக்கோவும் கூட 1979ல டிரம்மர் டோனி வில்லியம்ஸோட சேந்து ஹவானாவுல ஒரே மேடைல வாசிச்சாங்க, அது வேற கதை, சத்தம் ஜாஸ்தி.

போன இதழ்ல "ஜாக்கோ ஆரம்பிச்ச பேண்டு"ன்னு எழுதிட்டீங்க. தப்பு.
– புதுச்சேரி

தப்புதான், மன்னிச்சுடுங்க, அவசரத்துல எழுதினது. 1970 கடைசில பேண்ட ஆரம்பிச்சது ஸாவினுல், ஷார்ட்டர், செக்கோஸ்லோவாக்கியாலேர்ந்து வந்த பேஸ்காரர் மிரோஸ்லாவ் விட்டூஸ். அவர் போனதும் அல்ஃபோன்ஸோ ஜான்சன். ஜாக்கோ வந்தது 1976 'பிளாக் மார்க்கெட்'ல, அதுலயும் ரெண்டு பாட்டுதான். அதுல ஒண்ணு 'கேனன் பால்', முந்தின வருஷம் செத்துப்போன தன் பழைய முதலாளி ஆடர்லிக்கு ஸாவினுல் போட்ட அஞ்சலி. ஆடர்லியும் ஃப்ளோரிடாக்காரர்தான்.

அதே ஆல்பத்தப் பத்தி ஒரு துணுக்கும் தர்றேன், தப்புக்கு அபராதமா. பிளாக் மார்க்கெட் தலைப்புப் பாட்டுல ஸாவினுல் கீபோர்ட உல்டாவா வயரிங் பண்ணி வாசிச்சார், எடது பக்கம் இருக்க வேண்டிய கீழ்ஸ்தாயி வலது பக்கம். பழகின விரல் பழகின எடத்துக்கே ஓடும்ல, அத ஏமாத்த.

ஜாக்கோ எப்படி இறந்தார்? நெட்ல என்னென்னமோ போட்டிருக்கு.
– திருநெல்வேலி

ரொம்ப நீட்ட மனசு வரல. மனநோய் இருந்துச்சு, பைபோலார்னு டாக்டர்கள் சொன்னது, அதோட குடியும் போதையும் சேந்துக்கிச்சு. 1987 செப்டம்பர்ல ஃப்ளோரிடால ஒரு கிளப்பு வாசல்ல நடந்த அடிதடில மண்டைல அடிபட்டு, பத்து நாள் ஆஸ்பத்திரில நெனவில்லாம கெடந்து, 21ஆம் தேதி போயிட்டார். வயசு முப்பத்தஞ்சு. வளந்த ஊருக்குப் பக்கத்துலயே. 'ஹவோனா'ல அவர் சோலோவ கேளுங்க, நடுவுல ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியோட பாலே இசைலேர்ந்து ஒரு துண்ட சிரிச்சுக்கிட்டே சொருகிட்டுப் போவார், அந்த ஆளத்தான் நான் ஞாபகம் வச்சுக்க விரும்புறேன்.

ஸாவினுல் 2004ல வியன்னாவுல சொந்தமா ஒரு கிளப்பு திறந்தார். என்ன பேரு வச்சார்னு நான் சொல்லணுமா, பேர்ட்லேண்ட்தான். 2007ல அதே ஊர்ல காலமானார். ஷார்ட்டர் 2023ல.

சமையல்கட்டுல வேலை செஞ்சுக்கிட்டே கேக்குற மாதிரி இதுல ஒண்ணு சொல்லுங்க. மிச்சத்த அப்பறம் பாத்துக்கறேன்.
– ஈரோடு

காய் நறுக்கும்போது நாலாவது, 'ஹார்லிக்வின்', ஷார்ட்டரோடது, நாலு நிமிஷம், கத்திக்கும் விரலுக்கும் சண்டை வராது. தாளிக்கும்போது மட்டும் டீன் டவுன் போட்டுடாதீங்கம்மா, அது முடிஞ்சு நீங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள கடுகு கரிஞ்சிருக்கும். அனுபவம்.

நீங்க முதல்ல எதுல கேட்டீங்க? எல்பியா, சிடியா?
– காரைக்குடி

கேசட்டுங்க. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்துச்சு, பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா ரெண்டு நாள்ல பதிஞ்சு தருவாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்த ஒருத்தர் கிட்ட இருந்த ரெக்கார்ட கெஞ்சி வாங்கிட்டுப் போயி, 90 நிமிஷ டீடிகே கேசட் ஒண்ணும் வாங்கிக் கொடுத்து, ஒரு பக்கத்துல இத பதிஞ்சு தாங்க, இன்னொரு பக்கம் சும்மா விட்டுடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு பக்கம் 45 நிமிஷம், ஆல்பம் 38க்குள்ள, மிச்சம் ஏழு நிமிஷ டேப்பு காலியா கெடக்கு. கடைக்காரர் அண்ணனுக்கு அது பொறுக்கல. காசு வாங்கிட்டு காலி டேப்பு கொடுக்குறது தொழில் தர்மம் இல்லன்னு நெனச்சாரோ என்னமோ, ஹவோனா முடிஞ்சு ஒரு செகண்ட் கேப்பு விட்டு சினிமா டூயட் ஒண்ண பதிஞ்சு கொடுத்துட்டார், அதுவும் பாதில, சரணம் முடியறதுக்குள்ள டேப்பு தீந்துடும்.

அந்தக் கேசட் பதினஞ்சு வருஷம் ஓடுச்சு. இப்ப சிடி இருக்கு, ஃபோன்ல இருக்கு, ஒரு நண்பர் எல்பியே வாங்கிக் கொடுத்தார். எதுல கேட்டாலும் ஹவோனா முடிஞ்சதும் காது சும்மா இருக்க மாட்டேங்குது, அந்த டூயட்டோட வயலின் வரும்னு காத்துக்கிட்டே இருக்கு.